இழையின் வரலாறு – 14: திரும்பும்போது தெரியும் நீளம்

பஞ்சு வாங்கும் மில்காரர் முதலில் கேட்பது ஸ்டேபிள் நீளம். குஜராத்திலிருந்து வரும் சங்கர்-6 என்றால் 29 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். அதே செடியின் செல்லுக்குள் இன்னொரு இழை இருக்கிறது. நம் மில்களுக்கு வரும் பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கப் பருத்தி இனம். அதற்கு ஒரு செட்டில் 26 குரோமோசோம்கள், மொத்தம் சுமார் 230 கோடி எழுத்து டிஎன்ஏ. எழுத்துக்கு 0.34 நானோமீட்டர் வீதம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குரோமோசோமின் டிஎன்ஏ சராசரியாக 3 சென்டிமீட்டர் வருகிறது. வெளியே இருக்கும் இழைக்கும் உள்ளே இருக்கும் இழைக்கும் ஏறக்குறைய ஒரே ஸ்டேபிள்! இது தற்செயல்தான், இதில் இயற்கையின் ரகசியம் எதையும் தேட வேண்டாம். ஆனால் பஞ்சின் நீளத்தை அளக்க எச்.வி.ஐ. மெஷின் இருக்கிறது. இரண்டே நானோமீட்டர் பருமனுள்ள, கை பட்டாலே அறுந்துபோகிற அந்த உள்ளிழையை எதைக்கொண்டு அளப்பது?

போன இதழை 1974-ல் கோவையில் பிறந்த சுவின் பருத்தியோடு நிறுத்தியிருந்தோம். ஒரு பஞ்சு சுவின்தானா, எகிப்துப் பருத்திதானா என்று லேபில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்குள் போவதற்கு முன்னால், டிஎன்ஏ இழைகளை நீளவாரியாகப் பிரிக்கும் வித்தை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட வேண்டும். அதனால் இந்த இதழ் கொஞ்சம் ஊர் சுற்றும். டொரான்டோ, மண்டபம், பாரிஸ், நியூயார்க், பிறகு 1992-ன் மெட்ராஸ்.

தொடக்கம் ஒரு கஞ்சிப் பாத்திரத்தில். கதைக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். ஆலிவர் ஸ்மித்தீஸ் என்ற ஆங்கிலேயர் 1950-களில் டொரான்டோவின் கன்னாட் ஆய்வகத்தில் இன்சுலின் சம்பந்தமான புரதம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரிப்பார்கள். ஸ்வீடனில் அர்னே டிசேலியஸ் 1937-ல் வகுத்துத் தந்த முறை. அதற்கு 1948-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஸ்மித்தீஸ் வடிதாளில் ஓடவிட்டார். இன்சுலின் தாளில் ஒட்டி இழுபட்டது. ஈரமான ஸ்டார்ச் மாவில் ஓடவிட்டால் ஒட்டவில்லை. ஆனால் ஓட்டம் முடிந்தபின் மாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். உதவிக்கு ஆள் கிடையாது. அப்போது அவருக்குச் சிறுவயது ஞாபகம் வந்தது: அப்பாவின் சட்டைக்குப் போட அம்மா காய்ச்சும் கஞ்சி ஆறினால் கட்டியாகிவிடும். மாவைக் காய்ச்சி ஆறவைத்தால் கட்டியாக நிற்கும், மேலே சாயம் ஊற்றி நேரடியாகப் பார்த்துவிடலாம். 1955-ல் கட்டுரை வெளிவந்தது. வடிதாளில் ஐந்தாறு பட்டையாகத் தெரிந்த ரத்தப் புரதங்கள் கஞ்சி ஜெல்லில் அதைவிடக் கூடுதலான பட்டைகளாகப் பிரிந்து நின்றன. ஜெல் வெறும் தாங்குபலகை அல்ல, அதன் கண்களே மூலக்கூறுகளைச் சலிக்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. பல்லடம், சோமனூர் பக்கத்து சைசிங் மில்காரர்கள் பாவுக்குக் கஞ்சி போடும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். (பனியன் நூலுக்குக் கஞ்சி கிடையாது, மெழுகுதான். அதனால் திருப்பூர் இதில் பெருமை கொண்டாட முடியாது.)

புரதத்துக்குச் சரியாக இருந்த கஞ்சியின் கண்கள் டிஎன்ஏவுக்கு மிகச் சிறியவை. அடுத்து வந்தது கடற்பாசி. ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் என்ற பொருளைத் தருபவை. வீட்டில் இனிப்புக்குப் போடும் 'சைனா கிராஸ்' அதுதான். அகரில் இரண்டு பகுதிகள். ஒன்றில் மின்சுமை அதிகம். மின்புலத்தில் அதுவே குழப்பம் செய்யும். மற்றொன்றான அகரோஸில் மின்சுமை மிகக் குறைவு. ஜப்பானின் சோஜி அராகி 1937-ல் இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஸ்வீடனில் ஸ்டெல்லன் யெர்டென் 1961-ல் அகரோஸை எலக்ட்ரோபோரசிஸுக்குக் கொண்டுவந்தார். 1970-களின் தொடக்கத்தில், எத்திடியம் புரோமைடு சாயம் ஏற்றி புற ஊதா ஒளியில் பார்த்தால் டிஎன்ஏ ஆரஞ்சு நிறப் பட்டையாக ஒளிரும் என்பதும் பழக்கத்துக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை உலகின் எல்லா உயிரியல் லேப்களிலும் தினசரி வேலை இது.

இங்கேதான் நம் கதையின் சிக்கல் ஆரம்பிக்கிறது.

டிஎன்ஏவின் ஒவ்வொரு பாஸ்பேட்டிலும் ஒரு எதிர் மின்சுமை உண்டு. மின்சாரம் கொடுத்தால் நேர்மின்வாய் பக்கம் இழுபடும். நீளம் இரட்டித்தால் இழுப்பும் இரட்டிக்கும். ஆனால் தண்ணீரின் உராய்வும் இரட்டிக்கும். ஆகவே வெறும் தண்ணீரில் நெட்டையும் குட்டையும் ஒரே வேகத்தில்தான் போகும். பிரிக்க வேண்டுமானால் ஜெல் வேண்டும். சில ஆயிரம் எழுத்துவரை உள்ள துண்டுகள் சுருண்ட நிலையிலேயே ஜெல்லின் கண்களில் நுழைந்து போகும். சிறியது முந்தும், பெரியது பிந்தும். சல்லடை வேலை, எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஆனால் நீளம் 20,000, 30,000 எழுத்து என்று ஏறும்போது பட்டைகள் நெருங்குகின்றன. சுமார் 50,000-க்கு மேல் எல்லாமே ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. 1 லட்சமோ 10 லட்சமோ, ஒரே பட்டை. 1978-ல் வால்டன் ஃபாங்மன், கூழாக நிற்கிற மெல்லிய ஜெல்லில் மிகக் குறைந்த மின்புலம் வைத்து நாள்கணக்கில் ஓட்டி, இந்த வரம்பைக் கொஞ்சம் தள்ளிப்போட்டார். வரம்பு தள்ளிப்போனதே தவிர, ஏன் இருக்கிறது என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை.

பதிலுக்கான விதை டிஎன்ஏ பக்கமிருந்து வரவில்லை, பிளாஸ்டிக் பக்கமிருந்து வந்தது. பாலியெஸ்டர் சிப்ஸை உருக்கி ஸ்பின்னரெட் வழியே தள்ளுகிறோமே, அந்தக் குழம்புக்குள் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அந்தப் பின்னலுக்குள் ஒரு சங்கிலி எப்படி நகர்கிறது? 1971-ல் பிரான்ஸின் பியர்-ஜீல் டி ஜென், ரெப்டேஷன் என்று பெயரிட்டு ஒரு விளக்கம் கொடுத்தார். டிராக் பேன்ட்டின் இடுப்புப் பட்டிக்குள் நாடா கோப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பக்கவாட்டில் நகர வழியில்லை. முன்முனை போன தடத்திலேயேதான் மீதி நாடா முழுக்கப் போயாக வேண்டும். வேறுபாடு ஒன்றுதான்: மூலக்கூறுக்குப் பட்டி ஏற்கெனவே தைத்து வைக்கப்படவில்லை. முன்முனை எந்தக் கண்ணில் நுழைகிறதோ அதுதான் புதுத் தடம். டி ஜென்னுக்கு 1991-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

1982-ல் இரண்டு குழுக்கள் இதை டிஎன்ஏவுக்குப் பொருத்தின. ஆல்பனியில் லெர்மனும் ஃபிரிஷ்ஷும், சான் டியேகோவில் லம்ப்கினும் புரூனோ ஸிம்மும். சில ஆண்டுகளில் கேரி ஸ்லேட்டரும் யான் நூலாண்டியும் கணக்கை இன்னும் இறுக்கினார்கள். இவர்கள் இருவரும் வேலை பார்த்தது ஜெராக்ஸ் கம்பெனியின் கனடா ஆய்வகத்தில்! கணக்கின் சாரம் இது. தடம் கன்னாபின்னாவென்று வளைந்து கிடந்தால், இழையின் ஒரு பகுதியை மின்புலம் முன்னே தள்ளும், எதிர்ப்பக்கம் வளைந்த பகுதியைப் பின்னே தள்ளும். பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துவிடும். மிச்சம் நிற்கிற இழுப்பு கொஞ்சம்தான். இழை நீள நீள அந்த மிச்சம் உராய்வுக்கு ஈடுகொடுக்காது. அதனால் நீண்டது மெதுவாகப் போகும். இதுவரை பட்டைகள் பிரியும். ஆனால் முன்முனைக்கும் மின்சுமை உண்டு. ஒவ்வொரு முறை புதுக் கண்ணைத் தேடும்போதும் அது கொஞ்சம் மின்புலப் பக்கமே சாயும். இழை நீளமாக இருந்தால், இந்தச் சாய்வு சேர்ந்து சேர்ந்து தடம் முழுக்கவே மின்புலத் திசைக்கு நிமிர்ந்துவிடுகிறது. நிமிர்ந்த இழையில் எதிரெதிர் அடிபடுவது இல்லை. இழுப்பும் நீளத்துக்கு ஏற்ப, உராய்வும் நீளத்துக்கு ஏற்ப. வெறும் தண்ணீரில் இருந்த பழைய நிலைமையே ஜெல்லுக்குள் திரும்பி வந்துவிட்டது.

ஆக, ஜெல் தோற்றதற்குக் காரணம் இழைகள் மிக நீளமாக இருந்தது மட்டும் அல்ல. அவை ஒரே திசை பார்த்து நிமிர்ந்து நின்றதுதான். நேராக ஓடவிட்டு எத்தனை நாள் காத்திருந்தாலும் நீளம் தெரியாது. திரும்பச் சொன்னால் தெரியும்.

இதைச் செய்துகாட்டியவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷ்வார்ட்ஸும் சார்லஸ் கேன்டரும். 1984-ல் 'செல்' இதழில் அவர்கள் வெளியிட்ட முறையில் மின்புலம் ஒரே திசையில் இருப்பதில்லை. கொஞ்ச நேரம் ஒரு பக்கம், பிறகு அதற்குக் குறுக்காக இன்னொரு பக்கம். திசை மாறும் ஒவ்வொரு முறையும் இழை தன் பழைய தடத்திலிருந்து வெளியே வந்து புதுத் திசைக்கு நிமிர வேண்டும். குட்டை சீக்கிரம் திரும்பிவிட்டு மீதி நேரத்தில் முன்னேறும். நெட்டைக்குத் திரும்பவே நேரம் போய்விடும். நிமிர்ந்து கிளம்பும்போது மறுபடி திசை மாறிவிடும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால், திரும்ப ஒரு நிமிடம் ஆகிற இழைகளும் அதற்கு மேற்பட்டவையும் அங்கேயே தவிக்கும், மற்றவை பிரியும். ஈஸ்டின் குரோமோசோம்கள், சில லட்சம் எழுத்திலிருந்து 20 லட்சத்துக்குப் பக்கம் வரை உள்ளவை, முதன்முறையாகத் தனித்தனிப் பட்டையாக நின்றன. இன்னொரு சாமர்த்தியமும் இதில் உண்டு. இவ்வளவு நீள டிஎன்ஏவைக் குழாயில் உறிஞ்சினாலே அறுந்துவிடும். அதனால் செல்லை உயிரோடேயே அகரோஸ் கட்டிக்குள் புதைத்துவிட்டு, அதற்குள்ளேயே செல்லைக் கரைத்தார்கள். கட்டியை அப்படியே ஜெல்லில் வைத்துவிடலாம். எனக்கு இந்தக் கட்டிதான் பாதிக் கண்டுபிடிப்பு என்று தோன்றும்.

அதன்பிறகு முறைகள் வரிசையாக வந்தன. 1986-ல் ஸ்டான்ஃபோர்டின் சூ, வோல்ராத், டேவிஸ் மூவரும் மின்முனைகளை அறுகோணமாக அடுக்கி, திசையை 120 டிகிரி மாற்றி, பட்டைகள் கோணாமல் நேராக ஓடச் செய்தார்கள். இன்றைக்கும் லேப்களில் இருப்பது பெரும்பாலும் அந்த வழிமுறைதான். அதே ஆண்டு கார்ல், ஃபிராங்க், ஓல்சன் மூவரும் இன்னும் எளிமையாக, முன்னே கொஞ்சம், அப்படியே தலைகீழாகப் பின்னே கொஞ்சம் என்று ஓட்டினார்கள். இதில் ஒரு விசித்திரம் தெரிந்தது: ஒரு குறிப்பிட்ட நீளம் மட்டும் எல்லாவற்றிலும் மெதுவாகப் போகிறது, அதைவிடக் குட்டையும் முந்துகிறது, அதைவிட நெட்டையும் முந்துகிறது! டி ஜென்னின் நாடாக் கணக்கால் இதை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. போலரைஸ் செய்த ஒளியால் ஜெல்லுக்குள் டிஎன்ஏ எந்த அளவு நிமிர்ந்திருக்கிறது என்று அளந்த ஹோல்ஸ்வர்த் குழு 1987-ல் இன்னொன்றைச் சொன்னது. மின்சாரம் போட்டவுடன் நிமிர்வு மிதமிஞ்சி எகிறி, பிறகு இறங்கி, அப்புறம்தான் நிலைக்கு வருகிறது. தடத்தில் சாதுவாகப் போகும் இழை இப்படிச் செய்யாது.

1989-ல் கண்ணால் பார்த்துவிட்டார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஸ்மித், ஆல்ட்ரிட்ஜ், காலிஸ் மூவரும், தனியே ஷ்வார்ட்ஸும் கோவலும், சாயம் ஏற்றிய ஒற்றை டிஎன்ஏ மூலக்கூறுகளை ஒளிர்நுண்ணோக்கியின் கீழ் ஜெல்லுக்குள் ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். ஜே.எம். டாய்ச் முந்தைய ஆண்டு கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியதும் இதேதான். இழை ஒரே சீராகப் போகவில்லை. நடுப்பகுதி ஒரு ஜெல் நாரில் மாட்டிக்கொள்கிறது. இரண்டு முனைகளும் முன்னே இழுபட, 'ப' வடிவில் முழு நீளத்துக்கு விரைப்பாக நீள்கிறது. அந்த நொடியில்தான் நிமிர்வு எகிறுகிறது. பிறகு நீண்ட கால் குட்டைக் காலை இழுத்துக்கொண்டு நாரிலிருந்து நழுவுகிறது. கழன்றதும் சுருங்கிக் கட்டியாகிறது. முன்பக்கம் கண்ணிகள் பிதுங்குகின்றன, மறுபடி எங்கோ மாட்டுகிறது. திசையை மாற்றினால் முனை மட்டும் திரும்புவதில்லை; உடம்பின் பல இடங்களில் கண்ணிகள் புதுத் திசையில் பிதுங்கி, அவற்றில் எது முந்துகிறது என்று போட்டி போடுகின்றன. எந்த முனை தலை, எது வால் என்பதுகூட மாறிவிடும். முன்–பின் ஓட்டத்தில் ஒரு நீளம் மட்டும் ஏன் தவிக்கிறது என்பதும் இதனால் ஓரளவு விளங்கியது. திசை மாறும் நேரமும் அந்த நீளத்தின் நீண்டு–சுருங்கும் காலமும் ஒத்துப்போனால், ஒவ்வொரு முறையும் வசமாக மாட்டிக்கொண்ட நிலையிலேயே அதற்குத் திசை மாறுகிறது. முந்தைய கணக்கு முழுத் தப்பு என்று ஆகிவிடவில்லை. நீளம் ஏன் மறைகிறது என்பதை அது சரியாகத்தான் சொல்லியிருந்தது.

இனி மெட்ராஸ்.

1992 அக்டோபரில் மெட்ராஸில் காலரா கிளம்பியது. தமிழ்நாட்டுக்குக் காலரா புதிதல்ல. ஆனால் இந்தக் கிருமி காலராவுக்கு வழக்கமாகக் காரணமான ஓ1 சீரத்துக்குக் கட்டுப்படவில்லை. அதுவரை பட்டியலில் இருந்த 138 வகைகளில் எதிலும் அடங்கவில்லை. ஏற்கெனவே காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டிய பெரியவர்களையே அதிகமாகத் தாக்கியது. மதுரையிலும் வேலூரிலும் தென்பட்டு, சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போனது. கல்கத்தாவின் தேசிய காலரா நிறுவனத்திலிருந்து டி. ராமமூர்த்தி முதலானோர் 1993-ல் 'லான்செட்' இதழில் இதை உலகுக்குச் சொன்னார்கள். கிருமிக்கு ஓ139 என்று எண்ணும், பெங்கால் என்று பெயரும் வைத்தார்கள். வங்காள விரிகுடாக் கரையில் கிளம்பியதால் அந்தப் பெயராம். முதலில் பிடிபட்டது மெட்ராஸில். இந்த விஷயத்தில் நமக்குப் பெயர் கிடைக்காததில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

எங்கிருந்து வந்தது இது? தீங்கில்லாத வகை ஒன்று நஞ்சைக் கற்றுக்கொண்டதா, இல்லை பழைய எல் டோர் காலராவே சட்டையை மாற்றிக்கொண்டதா? காலராக் கிருமியின் டிஎன்ஏ மொத்தம் 40 லட்சம் எழுத்து. நாட்-1 என்ற என்சைம் எட்டெழுத்து வரிசை ஒன்றைக் கண்டால் மட்டும் வெட்டும், ஆகவே அபூர்வமாகத்தான் வெட்டும். இந்த டிஎன்ஏவில் இருபதுக்கும் மேற்பட்ட நீண்ட துண்டுகள் கிடைக்கும். அவற்றில் பலவும் லட்சக்கணக்கான எழுத்துள்ளவை. சாதாரண ஜெல்லில் ஒரே குவியலாகிவிடும். திசை மாற்றும் ஜெல்லில் ஒவ்வொன்றும் தனிப்பட்டையாக நிற்கும். இரண்டு கிருமிகளின் பட்டை வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். இதுவும் மற்ற டிஎன்ஏ ஒப்பீடுகளும் சேர்ந்து சொன்னது: எல் டோர்தான். மேலுறையைத் தீர்மானிக்கும் ஜீன் தொகுதியை மட்டும் வேறெங்கிருந்தோ வாங்கி மாற்றிக்கொண்டிருந்தது.

அதே ஜெல் காலராவில் இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. கல்கத்தாவில் ஜோதிர்மய் தாஸ் குழு 1996-ல் 569பி என்ற பழைய காலரா வகையின் டிஎன்ஏ வரைபடத்தை இப்படி வெட்டி, பிரித்து, கோத்து வெளியிட்டது. ஒரே வளையம், சுமார் 32 லட்சம் எழுத்து. 1998-ல் மேரிலாந்தில் மிஷேல் ட்ரக்ஸிஸ், ஜேம்ஸ் கேப்பர் குழு அதே வகை ஜெல்லைக்கொண்டு, வளையம் ஒன்றல்ல, இரண்டு என்று காட்டியது. 2000-ல் முழு எழுத்து வரிசை வந்தபோது ஒன்று 29.6 லட்சம், மற்றது 10.7 லட்சம். இரண்டாவது முன்பு கண்ணுக்குத் தப்பியதில் ஆச்சரியமில்லை. முழு வளையமாக இருக்கும் பெரிய டிஎன்ஏ இந்த ஜெல்லில் நகராது; ஜெல் நார் ஒன்று வளையத்துக்குள் மாட்டினால் கழன்று வர அதற்கு முனை கிடையாது. வளையம் எங்காவது வெட்டுப்பட்டால்தான் ஓட்டத்துக்கு வரும்.

அமெரிக்காவில் உணவு வழிக் கிருமிகளைத் துப்பறியும் பல்ஸ்நெட் அமைப்பு 1996-ல் இந்த ஜெல்லை நம்பித்தான் தொடங்கப்பட்டது. 2019 ஜூலையில் அது முழு டிஎன்ஏ வரிசை வாசிப்புக்கு மாறிவிட்டது. ஜெல்லின் பொற்காலம் போனது என்றே சொல்லலாம். பருத்தியில் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் எழுத்துத் துண்டுகளாக டிஎன்ஏ நூலகம் கட்டியவர்கள் துண்டின் நீளத்தைச் சரிபார்த்தது இதில்தான். ஆனால் பருத்தியின் முழுக் குரோமோசோம் ஒன்பது கோடி எழுத்துக்கு நெருக்கம். திசை மாற்றும் ஜெல் சுமார் ஒரு கோடிக்கு மேல் கையை விரித்துவிடும்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்கெட் கடைகள், எகிப்துப் பருத்தி என்று லேபிள் போட்டு வந்த ஏழரை லட்சம் படுக்கை விரிப்பு, தலையணை உறைகள் வேறு பருத்தியில் செய்யப்பட்டவை என்று அறிவித்ததிலிருந்து, பருத்திக்கு டிஎன்ஏ ரிப்போர்ட் கேட்கும் பழக்கம் கூடியிருக்கிறது. ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பெராக்சைடில் வெளுத்த துணியில் நீண்ட டிஎன்ஏ மிச்சமிருக்காது. சில நூறு எழுத்துத் துண்டு கிடைத்தால் பெரிது. அதைப் பிசிஆரில் பெருக்கி சாதாரண ஜெல்லிலோ கருவியிலோதான் பார்க்கிறார்கள். சில சமயம் அதுவும் தேறாது. இரண்டாவது, எகிப்தின் கிஸா, அமெரிக்காவின் பிமா, கோவையின் சுவின் மூன்றும் ஒரே இனம். இனத்தை மட்டும் சொல்லும் சோதனை, இது அமெரிக்கப் பருத்தி இனம் அல்ல என்று சொல்லும். எகிப்தில் விளைந்தது என்று சொல்லாது. ஆகவே லேபிடம், சோதிப்பது இனத்தையா ரகத்தையா என்று முதலிலேயே கேளுங்கள். டையிங்குக்கு அனுப்பும் முன், பஞ்சாகவோ கச்சா நூலாகவோ இருக்கும்போதே லாட் நம்பர் எழுதி ஒரு சாம்பிளை எடுத்து வைத்துவிடுங்கள்.

(தொடரும்)